டெல்லியா, கொச்சியா, கோவையா: மலையில் பைபர் இழுப்பவர் எந்த மாநாட்டுக்குப் போவது?

நீலகிரிக் கூடலூர்ப் பக்கம் இருநூற்றுச் சொச்சம் இன்டர்நெட் இணைப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, இந்த வருஷமாவது ஒரு பெரிய பிராட்பேண்ட் மாநாட்டுக்குப் போய்ட்டு வரணும்னு இருக்கேன். டெல்லிக்குப் போறதா, கொச்சிக்குப் போறதா? இருபதாயிரம் ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார். இதே கேள்வியைக் குன்னூரில் ஒருவரும் கொடைக்கானலில் ஒருவரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போனில் பேசுவதை விட எழுதி வைத்துவிடுவது மேல் என்று தோன்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோத்தகிரியைச் சுற்றி, பெரிய நிறுவனம் ஒன்றின் பிரான்சைஸியாக, அறுநூறு இணைப்புக்குக் கொஞ்சம் மேலே ஓட்டுகிறேன். பாதி ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), கொஞ்சம் எஸ்டேட் லைன் வீடுகள், மீதி ஹோம்ஸ்டேக்கள். வேலைக்கு இரண்டு பையன்கள். ஒருவனுக்கு ஸ்பிளைசிங் (பைபரோடு பைபரை ஒட்டுவது) நன்றாக வரும். இன்னொருவன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த அளவில் தொழில் செய்பவரை மனதில் வைத்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நம் ஆட்கள் எல்லோரும் விமான டிக்கெட் விலையில்தான் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. நான் முதலில் பார்ப்பது மாதம்.

சமவெளிக்காரருக்கு அக்டோபரும் ஒன்றுதான், மார்ச்சும் ஒன்றுதான். நமக்கு அப்படியா? அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். மரம் விழும், மண் சரியும், கேபிள் அறும். போதாக்குறைக்கு அதுதான் இரண்டாம் சீசன். ஆயுதபூஜை விடுமுறைக்கு ஹோம்ஸ்டே எல்லாம் நிரம்பிக் கிடக்கும்போது வைஃபை நின்றால், விருந்தாளி ஓனரைப் பிடிப்பார், ஓனர் நம்மைப் பிடிப்பார். ஏப்ரல், மே முதல் சீசன். அப்போது வெளியூர்ப் பேச்சே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோத்தகிரியில் ஓரளவு மூச்சு விடலாம். ஆனால் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை பிய்த்து எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் கூடலூர்க்காரரின் கெட்ட மாதம் வேறு, என் கெட்ட மாதம் வேறு. பிப்ரவரியும் மார்ச்சும்தான் எல்லோருக்கும் பொதுவாகச் சும்மா இருக்கும் மாதங்கள். அப்போதும் காட்டுத்தீ என்று ஒரு கவலை உண்டு.

அடுத்தது, நாம் இல்லாதபோது லைனை யார் பார்த்துக்கொள்வது. ஸ்பிளைசிங் மெஷினைத் தொடத் தெரிந்தவர் கடையில் நீங்கள் ஒருவர்தான் என்றால், மேற்கொண்டு படிக்காமல் நேராக 'வீட்டிலிருந்தே' பகுதிக்குப் போய்விடலாம்.

அப்புறம், கையில் என்ன கேள்வி இருக்கிறது என்பது. "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று போனால் துணிப்பை, பேனா, கழுத்தில் ஒரு அட்டை, இவ்வளவுதான் திரும்பி வரும். மொழியையும் பார்க்க வேண்டும். மேடைப் பேச்சு ஆங்கிலத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம். டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் மனம் விட்டுப் பேச முடிகிறதா என்பதுதான் விஷயம். கடைசியாகத்தான் பணம். அதையும் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை கணக்குப் போட வேண்டும்.

## டெல்லி

டெல்லியில் இரண்டு இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அக்டோபரில் நடப்பது இந்தியா மொபைல் காங்கிரஸ். 2017-இல் ஆரம்பித்தது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் செல்போன் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ-யும் சேர்ந்து நடத்துகின்றன. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவையைப் பிரதமர் தொடங்கி வைத்தது இந்த மேடையில்தான். 2024-இல் பாரத் மண்டபத்தில், ஐக்கிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ நடத்திய தரநிர்ணய மாநாட்டோடு சேர்ந்து நடந்தது. 2025-இல் அக்டோபர் 8 முதல் 11 வரை துவாரகாவில் உள்ள யசோபூமியில் நடந்தது.

மார்ச்சில் நடப்பது கன்வர்ஜென்ஸ் இந்தியா. 1992-இல் தொடங்கியது, பிரகதி மைதானத்தில் நடக்கிறது. அமைச்சர், கேமரா என்ற பரபரப்பு கொஞ்சம் குறைவு. கேபிள், பெட்டி, கனெக்டர் விற்பவர்களோடு நின்று பேச இதுவே வசதி.

நான் போனது 2024 அக்டோபர் மாநாட்டுக்கு. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மறைமுகச் செலவு என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்தது.

மாநாடு தொடங்கியது அக்டோபர் 15. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்ததும் அதே அக்டோபர் 15. மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். நாலு காலில் நாய் மாதிரி நடக்கும் ரோபோ ஒன்றைச் சுற்றிக் கூட்டம். நானும் அதில் ஒருவனாக நிற்கிறேன். போன் அடித்தது.

"அண்ணா, மெயின் லைன் போச்சுண்ணா. கற்பூர மரம் ரோட்டுக்குக் குறுக்க விழுந்து, 24 கோர் மொத்தமா அறுந்துருச்சு."

"சரி, கலருக்குக் கலர் போட்டு ஜாயின் பண்ணிடு."

"போட்டுட்டேன்ணா. பாதி வீடு வரவே இல்ல."

வராது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஜாயின்டில், போன வருட மழையில், அவசரத்துக்கு நானே இரண்டு கோர்களை, அதாவது கேபிளுக்குள் கலர் கலராக இருக்கும் பைபர் இழைகளை, மாற்றிப் போட்டிருந்தேன். ஆரஞ்சு போக வேண்டிய இடத்தில் பச்சை. ஸ்லேட் போக வேண்டிய இடத்தில் அக்வா. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, என் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்த மரம் ஜாயின்ட் பெட்டியையும் சேர்த்து நசுக்கியிருந்ததால், பையன் அதையும் புதிதாகப் போட்டிருக்கிறான். பாவம், ஒழுங்காகக் கலருக்குக் கலர் போட்டிருக்கிறான். நான் செய்த கோளாறு அவனுக்கு எப்படித் தெரியும்? அரங்கத்தின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "பச்சையை ஆரஞ்சுல போடு, இல்லடா, ரெண்டாவது டியூபு, ரெண்டாவது டியூபு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் அரங்கில் 6ஜி-யைப் பற்றிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுச் சொச்சம் வீடுகள் சாயங்காலம்தான் உயிர் பெற்றன. மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கு அந்த மாத பில்லில் கழித்துக் கொடுத்தேன்.

டெல்லிக்குப் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே மட்டும் கிடைக்கும் சில விஷயங்கள் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேபிள் வழித்தட அனுமதி விதிகள், 2021 ஜூன் 15 முதல் அமலில் உள்ள 'நம்பகமான இடத்திலிருந்து மட்டுமே கருவி வாங்க வேண்டும்' என்ற பாதுகாப்பு உத்தரவு, இவற்றையெல்லாம் எழுதியவர்களும் அமல்படுத்துபவர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். பிரான்சைஸியாக இருந்து அலுத்துப்போய், சொந்தமாக சி பிரிவு ஐஎஸ்பி (இன்டர்நெட் சேவை நிறுவன) உரிமம் எடுக்க நினைப்பவருக்கு அந்த இரண்டு நாள் ஒரு வருட அலைச்சலை மிச்சப்படுத்தும். மொத்தமாக ஆயிரம், இரண்டாயிரம் ஓஎன்யூ (வீட்டில் வைக்கும் பைபர் பெட்டி) வாங்கும் அளவில் இருப்பவருக்கும் அப்படித்தான். தயாரிப்பாளரே நேரில் விலை பேசுவார். ஐம்பது பெட்டி வாங்கும் நம்மைப் பார்த்து, "உங்க ஏரியா டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பேசுங்க" என்று ஒரு அட்டையைக் கொடுப்பார். அந்த டிஸ்ட்ரிபியூட்டர் கோவையில் இருப்பார்!

சாட்டிலைட் இன்டர்நெட் வந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமமும் கிடைத்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் டெல்லி போக வேண்டாம். கேபிளே போகாத எஸ்டேட் பங்களாவுக்கு அது வரட்டும், நல்லதுதான். பைபர் போகிற வீட்டுக்குப் பைபர்தான்.

செலவு: எனக்கு மொத்தம் 34,000 ரூபாய் ஆனது. விமானம் போக வர பாதி. தீபாவளியை ஒட்டிய நாட்கள் என்பதால் விலை ஏறியிருந்தது. மூன்று இரவு லாட்ஜ், கோத்தகிரியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு ஒரு டாக்ஸி, திரும்பி வர ஒரு டாக்ஸி. விடியற்காலை விமானம் என்றால் நடுராத்திரியில் மலை இறங்க வேண்டும். மழை நாளில் பாதை மூடுமோ என்ற பயத்தில் முந்தைய நாளே இறங்கிக் கோவையில் தங்கினால் அதற்கு ஒரு வாடகை. கண்காட்சியை மட்டும் சுற்றிப் பார்ப்பதற்கும் உரைகள் நடக்கும் அறைக்குள் போவதற்கும் பாஸ் வேறுபடலாம். பதிவு செய்யும்போதே எது எதற்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். யசோபூமியில் நடந்தால் ஒரு வசதி உண்டு: விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தமே அதுதான். ஊருக்கு நடுவில் ரூம் போட்டு அலைய வேண்டியதில்லை.

## கொச்சி

கேரளத்துக் கேபிள் ஆபரேட்டர்கள் சங்கம் சார்ந்து கொச்சியில் மெகா கேபிள் ஃபெஸ்ட் என்று ஒன்று நடக்கிறது. பெயரில் கேபிள் இருந்தாலும் இப்போது பாதிக்கு மேல் பிராட்பேண்ட்தான். நம் அளவுக்குச் சரியாகத் தைத்த சட்டை என்று இதைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. கேரளத்தில் தெருவுக்குத் தெரு இருந்த சின்ன ஆபரேட்டர்கள் ஒன்றுசேர்ந்து கேரளா விஷன் என்ற பெயரில் டிவி, இன்டர்நெட் இரண்டையும் கொடுத்து, பெரிய நிறுவனங்களுக்கு எதிராக நின்று காட்டியவர்கள். அங்கே கடை போட்டிருப்பவரும் சின்ன ஆபரேட்டரை எதிர்பார்த்துத்தான் போட்டிருப்பார். 'எத்தனை ஆயிரம் பெட்டி வேணும்' என்று கேட்டு நம்மைக் கூசவைக்க மாட்டார். சுற்றி நிற்கும் கூட்டத்தில் இடுக்கிக்காரர் இருப்பார், வயநாட்டுக்காரர் இருப்பார். நம்மைப் போலவே மலை, மழை, குரங்கு, தேயிலைத் தோட்டம். ஊட்டி பக்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றால் போதும், பேச்சு தானாக வளரும்.

டெல்லியில் பட்ட அவதிக்கு மருந்து எனக்கு அங்கேதான் கிடைத்தது, அதுவும் டீக்கடை வரிசையில். மூணாறு பக்கத்து ஆபரேட்டர் ஒருவர் பேச்சுவாக்கில் தன் போனில் ஒரு படம் காட்டினார். ஜாயின்ட் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் லேமினேட் செய்த ஒரு சின்னத் தாள். அதில் வரும் கோர், போகும் கோர், கலர், எந்த ஊர், கடைசியாகத் திறந்த தேதி. "சேட்டா, இதுக்கு மெஷினும் வேண்டா, மாநாடும் வேண்டா" என்று சிரித்தார். ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் எங்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒட்டிவிட்டோம். தாள், லேமினேஷன் எல்லாம் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிள் விற்பவர் ஒருவர் சாதாரண பைபரைத் தன் கட்டைவிரலில் இரண்டு சுற்று சுற்றினார். பைபரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 18 என்றிருந்தது மைனஸ் 23-க்கு விழுந்தது. பிறகு வளைவைத் தாங்கும் ரகம், ஜி.657 ஏ2 என்பார்களே, அதை அதே விரலில் சுற்றினார். மீட்டர் அசைந்த மாதிரியே தெரியவில்லை. இதைப் பல வருடமாகக் காகிதத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்ப் பழைய பங்களாக்களில் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, மரப்பலகைக்குப் பின்னால் நுழைத்து, ஆணியில் மடக்கி இழுக்கிற கேபிளெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கண் முன்னே வந்து போயின. இப்போது வீட்டுக்குள் போகும் பகுதிக்கு அந்த ரகம் மட்டும்தான் வாங்குகிறோம்.

குறை இல்லாமலா? மேடைப் பேச்சில் பெரும்பகுதி மலையாளம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. கொடைக்கானல் நண்பர் கொஞ்சம் திணறுவார். அங்கே பேசும் மின்கம்ப வாடகை, சங்க விவகாரம் எல்லாம் கேரளத்துக்கு உரியவை, நம் மாநிலத்து விதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தவிர, கொச்சி வரை வந்துவிட்டோமே என்று குடும்பத்தையும் கூட்டிப்போனால் செலவு இரட்டிப்பாகும். தனியாக, இரண்டு இரவு, கோவையிலிருந்து ரயிலில் போய் வந்தால் ஏழெட்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம். கூடலூர்க்காரர் கோவைக்கே வர வேண்டியதில்லை. நாடுகாணி இறங்கி நிலம்பூரில் ரயில் பிடித்தால் போதும். தேதியை மட்டும் முன்கூட்டியே பார்த்து, உங்கள் மழை மாதத்தோடு மோதுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## கோவை

இதை மாநாடு என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அவிநாசி சாலையில் ஏதாவது ஒரு ஹோட்டலில், கருவி விற்கும் நிறுவனம் ஒன்று ஒருநாள் கூட்டம் வைக்கும். காலையில் ஸ்லைடு, மதியம் பிரியாணி, சாயங்காலம் ஆர்டர் புத்தகம். காலை ஆறு மணி பஸ்ஸுக்கு இறங்கினால் இரவு பத்துக்குள் வீடு. கையிலிருந்து ஐந்நூறு ரூபாய் போனால் அதிகம். எல்லாம் தமிழில். மழை வந்தாலும் மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டால் யாரையாவது பிடித்து மேலே ஏறிவிடலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதை விட மலிவு எதுவும் இல்லை. என் கணக்கில் எனக்கு மிக அதிகம் செலவு வைத்ததும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில், 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்று சொன்னதில் மயங்கி, 50 ஓஎன்யூ-வுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பெட்டி வந்தது. எங்கள் ஓஎல்டி, அதாவது எல்லா வீட்டுப் பெட்டிகளையும் நம் பக்கமிருந்து இயக்கும் தலைமைக் கருவி, வேறு கம்பெனி. சில பெட்டிகள் ரிஜிஸ்டர் ஆகும், ஆனால் விலேன் (இன்டர்நெட் போகும் வழியின் செட்டிங்) எடுக்காது. சில ரிஜிஸ்டரே ஆகாது. கேட்டால், "எங்க ஓஎல்டி வாங்கிட்டா பிரச்சினையே வராது சார்" என்றார்கள். அதில் பதினெட்டுப் பெட்டிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது மனைவி எடுத்துக் கீழே வைத்தாள். பார்த்துவிட்டு மேலேயே ஏற்றிவிட்டேன்.

அதனால் கோவைக்குப் போவதாக இருந்தால் வெறும் கையோடு போகாதீர்கள், சட்டைப்பையில் பணத்தோடும் போகாதீர்கள். உங்கள் லைனில் மிக மோசமான பத்து வீடுகளின் பவர் அளவை எழுதி எடுத்துப் போங்கள். ஜிபானில் (நாம் ஓட்டும் பைபர் முறை) சாதாரண பி பிளஸ் ரக ஆப்டிக்ஸ் போட்டால், ஓஎல்டியிலிருந்து வீடு வரை சுமார் 28 டெசிபல் இழப்பைத்தான் தாங்கும். ஒரு பைபரை 32 ஆகப் பிரிக்கும் 1:32 ஸ்பிளிட்டர் ஒன்றே ஏறத்தாழ 17-ஐத் தின்றுவிடும். கேபிள் ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் இன்னொரு மூன்று. மழையில் குடை பிடித்துப் போட்ட ஸ்பிளைஸ்கள், தூசி படிந்த கனெக்டர்கள் எல்லாம் சேர்த்தால், கடைசி ஹட்டியில் மைனஸ் 26, 27 என்று நூலிழையில் தொங்கும். அந்தத் தாளை நீட்டி, "இந்த வீட்டுக்கு உங்க பெட்டி என்ன செய்யும்?" என்று கேளுங்கள். ஸ்லைடு காட்டியவர் பின்னால் நிற்கும் டெக்னிக்கல் ஆளைக் கூப்பிடுவார். அன்றைக்கு நீங்கள் பேச வேண்டியது அவரோடுதான்.

அப்படியே இன்னும் மூன்று கேள்விகளையும் போட்டுவிடுங்கள். என் ஓஎல்டியில் ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்க்க இரண்டு பெட்டி தருவீர்களா? அரசின் கட்டாயப் பரிசோதனைச் சான்று இந்த மாடலுக்கு இருக்கிறதா, நம்பகப் பட்டியலில் வருகிறதா? பழுதானால் மாற்றித் தருவது கோவையிலா, வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா? இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். '10 ஜி வந்துவிட்டது, பழைய லைனைத் தூக்கிப் போடுங்கள்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்த 10 ஜி முறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வேறு அலைநீளத்தில் ஓடுவது. இருக்கிற பைபர், இருக்கிற ஸ்பிளிட்டரிலேயே ஜிபானோடு சேர்ந்து ஓடும். ஓஎல்டி பக்கம் அதற்கான போர்ட்டைச் சேர்த்து, ஆசைப்படும் நாலு ஹோம்ஸ்டேக்களுக்கு மட்டும் பெட்டியை மாற்றினால் போதும்.

## வீட்டிலிருந்தே

தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு இதுதான் சரி. பெரிய மாநாடுகளின் மேடைப் பேச்சுகள் யூடியூபில் வந்துவிடுகின்றன. அவற்றில் பாதி வரவேற்புரை, ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். உருப்படியானது ஏப்நிக் அகாடமி. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபி முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பு நடத்துவது, கட்டணம் கிடையாது. ரூட்டிங், ஐபிவி6 எல்லாம் அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறார்கள், கை வைத்துப் பழக ஆன்லைன் லேபும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே. என் பெரிய பையன் மழைக்கால ராத்திரிகளில் இதை உட்கார்ந்து படித்துத்தான் மைக்ரோடிக் ரூட்டரைத் தைரியமாகத் தொட ஆரம்பித்தான்.

இங்கே மறைமுகச் செலவு பணமில்லை. வீட்டில் உட்கார்ந்தால் நாம் பார்க்க மாட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும், "நெட்டு ஸ்லோவா இருக்குங்க" என்று.

பார்சிலோனாவில் மார்ச் மாதவாக்கில் நடக்கும் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் பற்றியும் ஒருவர் கேட்டார். விசா, யூரோவில் பாஸ், விமானம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் நமக்கு ஒரு புது ஓஎல்டியின் விலை. ஸ்பெயின் பார்க்க ஆசை என்றால் போய் வாருங்கள், தொழில் கணக்கில் எழுத வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | டெல்லி, அக்டோபர் | டெல்லி, மார்ச் | கொச்சி | கோவை | வீடு |
|---|---|---|---|---|---|
| ஊரை விட்டு இருக்கும் நாள் | 4–5 | 4–5 | 2–3 | 1 | 0 |
| கைச்செலவு, என் கணக்கில் | 30,000-க்கு மேல் | கொஞ்சம் குறையலாம் | 7,000–8,000 | 500 | ஒன்றுமில்லை |
| மழை, சீசன் தொல்லை | மிக அதிகம் | குறைவு | தேதியைப் பொறுத்தது | ஒருநாள்தான், பரவாயில்லை | இல்லை |
| பேச்சு மொழி | ஆங்கிலம், இந்தி | ஆங்கிலம், இந்தி | மலையாளம், தமிழும் ஓடும் | தமிழ் | ஆங்கிலம் |
| மறைந்திருக்கும் செலவு | லைன் அறுந்தால் பில் தள்ளுபடி | இரண்டு பக்கமும் ஒரு நாள் பயணம் | குடும்பச் சுற்றுலா ஆகிவிடுவது | அவசர ஆர்டர் | கவனம் நிற்காது |
| யாருக்கு | உரிமம், கொள்கை, ஸ்டார்ட்அப் | மொத்தக் கொள்முதல் | 100 முதல் 1,000 இணைப்பு வரை | எல்லோரும், ஆனால் கேள்வியோடு | தனி ஆள், புதுப் பையன்கள் |

அட்டவணையில் அடங்காத சில ஆட்களும் உண்டு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு இந்தத் துறையில் வேலை தேடும் பையன், பெண் என்றால் அக்டோபர் டெல்லிதான். அவர்களுக்கு மழையும் இல்லை, லைனும் இல்லை, அத்தனை நிறுவனங்களையும் ஒரே கூரைக்குள் வேறெங்கும் பார்க்க முடியாது. ரிசார்ட் மேனேஜர்கள் இதில் எதற்கும் போக வேண்டாம். உங்கள் ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே போதும்.

கூடலூர்த் தம்பிக்குக் கொச்சி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இருநூறு இணைப்பு, மலையாளம் வரும், நிலம்பூர் பக்கம். ஒதுக்கி வைத்த இருபதாயிரத்தில் எட்டாயிரம் போக, மீதியில் நல்ல பவர் மீட்டர் ஒன்றும், பக்கத்து ஊர் ஆபரேட்டரின் ஸ்பிளைசிங் பையனுக்கு அந்த மூன்று நாளுக்குப் படியும். அந்தப் பக்கத்து ஊர் ஆபரேட்டர் அவருக்குப் போட்டிக்காரர்தான். "அவன்கிட்டயா கேக்கறது" என்று இழுத்தார். கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாளே கூப்பிட்டார்: அவர் ஒத்துக்கொண்டாராம், பதிலுக்கு அடுத்த வருடம் அவர் போகும்போது இவர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

குன்னூர்க்காரருக்கு 1,400 இணைப்பு, சொந்த உரிமத்துக்கு அலைகிறார். உரிம வேலைக்கு அக்டோபர்தான் பொருத்தம், ஆனால் அது மழை மாதம். அதனால் அவர் மார்ச்சில் டெல்லி போகலாம். கொடைக்கானல்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜாயின்ட் பெட்டியில் தாள் ஒட்டியிருக்கிறாரா என்று முதலில் கேட்டிருக்கிறேன். நான் அடுத்து கோவைக்கு ஒருநாள் போகிறேன். ஜூலை என்பதால் குஞ்சப்பனையில் பலாப்பழத்துக்கு யானை இறங்கியிருக்கும். பிரியாணி முடிந்ததும் கிளம்பி, இருட்டுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்.